மூன்று புள்ளிச் சிலிண்டர்

அண்ணே,

நேற்றுக் காலை உன் பந்தய மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைக் கழற்றினார்கள். கழற்றியதும் வில்லாபுரம் வீடு முழுக்க அந்த வாசனை. நாற்பது வருடத்துக்கு முன்னால் பெட்ரோலோடு கலந்து எரிந்த விளக்கெண்ணெய், உள்ளே பிசினாக ஒட்டிக் கிடந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு அழுகை வரும் என்று உன் பதினாறாம் நாள் காரியத்தன்றே நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. மாலை போட்டு மாட்டியிருக்கும் உன் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மதினி பக்கத்தில் நின்றதால் விட்டேன்.

வண்டியை வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களைச் சேர்க்கிறவர். வீட்டில் கண்ணாடி அறை கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் மேலே ஒரு விளக்குப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். செல்போனில் காட்டினார்.

"இதெல்லாம் ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஓட்டுனா தேஞ்சு போயிருமுங்க" என்றார்.

உன் வண்டியை அவர் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். டாங்கில் நீ எனாமல் பெயின்டால் எழுதிய பந்தய எண் இருபத்தேழு, அதில் ஏழு கோணலாக இருக்குமே, அதை விரல் படாமல் தடவுகிற மாதிரி காற்றிலேயே தடவினார். முன் பிரேக்கில் காற்றுப் போக நீ போட்ட ஓட்டைகளை எண்ணினார். உன் முழங்கால் உரசி உரசிப் பெயின்ட் போன இடத்தைப் படம் எடுத்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் ஊறி டாங்கில் ஒரு வட்டக் கறை விழுந்திருக்கிறதே, அதையும் எடுத்தார். "புதுசா பெயின்ட் அடிச்சிருந்தீங்கன்னா இது வெறும் இரும்புங்க. இந்தக் கறைக்குத்தான் விலையே" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பதாக மதினி சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வண்டியில் வேகத்துக்கு உதவாத ஒரு தகடுகூடக் கிடையாது. வேண்டாததை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, வேண்டியதைக் கையாலேயே தட்டிச் செய்த பொருள் அது. உன்மேல் இம்புட்டுக் கோபமாக இருக்கிற எனக்கே அது அழகாகத்தான் தெரிகிறது.

பிறகுதான் அவர் கூட்டி வந்த மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றினார். அதன் அடிவிளிம்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தவர், "அண்ணா, மூணு புள்ளி!" என்று கத்தினார். கோயம்புத்தூர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ராயபுரம் மேஸ்திரி கை வெச்சதுங்க இது. அவரு செஞ்ச எஞ்சின்ல முழு வண்டியா மிஞ்சியிருக்கறது இது ஒண்ணுதானுங்க" என்றார். மேஸ்திரியின் கதையையும் எங்களுக்கே சொன்னார். யாரையும் உள்ளே விடமாட்டாராம். கோபக்காரராம். ஒரு கண் தெரியாதாம். "எங்க சித்தப்பா அவருகூட டீ குடிச்சிருக்காருங்க" என்றார். நான் காபி டம்ளர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராயபுரம் மேஸ்திரி நான்தானே, அண்ணே.

எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, சிலிண்டர் சுவரில் எந்தத் துவாரத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாய். என் கணக்கு நோட்டின் பழுப்பு அட்டைத்தாளைக் கிழித்து, சுருட்டி, சிலிண்டருக்குள் விட்டு, கரி தோய்ந்த விரலால் உள்ளிருந்து தேய்த்தேன். வெளியே எடுத்து விரித்தால் துவாரங்கள் அச்சாக விழுந்திருந்தன. அதன் மேல் கோடு போட்டேன். புகை போகிற துவாரத்தின் மேல்விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போய்க் கத்தும். மயிரிழை கூடினால் கிளம்பும்போதே செத்துவிடும். முதல் சிலிண்டர் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. தெற்காவணி மூல வீதியில் தட்டார்கள் வாங்குகிற மெல்லிய அரம் ஒன்றை வாங்கி வந்து, மூன்றாவதை நானே தேய்த்தேன். உன் விரல் துவாரத்துக்குள் போகாது. என் விரல் போனது. பதினோரு நாள் ஆனது. மூன்றாவது சிலிண்டர் என்று அடையாளம் தெரிவதற்காக மூன்று புள்ளி குத்தினேன். அவ்வளவுதான். கோயம்புத்தூர்க்காரரின் கூட்டத்தில் அதைத் திரிசூலம் என்கிறார்களாம்.

அந்த எஞ்சினோடு நீ சோழவரம் விமான ஓடுதளப் பந்தயத்துக்குப் போனாய். என்னைக் கூட்டிப் போகவில்லை. கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. கோப்பையோடு திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து சொன்னாய்: "எஞ்சினு யாரு வேலைனு அம்புட்டுப் பேரும் கேட்டாய்ங்க. தங்கச்சினு சொன்னா சிரிப்பாய்ங்கல்ல. மெட்ராஸ் ராயபுரத்துல ஒரு மேஸ்திரின்னு அடிச்சு விட்டேன். உன்னய மேஸ்திரியாக்கிட்டேன்டி!"

நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். கையில் இருந்த கரண்டியோடு நின்று, அம்மா வந்து அதட்டுகிற வரைக்கும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு முதல் ஆத்திரம்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்த பந்தயப் பையன்கள் எல்லாரும் தங்கள் சிலிண்டரை மேஸ்திரிக்கு அனுப்பச் சொல்லி உன்னிடம் கொடுத்தார்கள். என்ன நாடகம் ஆடினாய்! காளவாசல் லாரி ஆபீசில் மெட்ராஸுக்குப் பார்சல் போடப் போகிறேன் என்று அவர்கள் எதிரிலேயே சாக்கில் சுற்றிக் கட்டுவாய். ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாய். நான் நாலு நாளில் முடித்து, அதே மூன்று புள்ளியையும் குத்திவிடுவேன். மெட்ராஸ் போய்த் திரும்ப நாளாகும் என்று பத்து நாள் அங்கேயே கிடக்கும். பேரம் பேசினால் மேஸ்திரி கோபிப்பார் என்றாய். அவசரப்படுத்தினால் உடைத்தே விடுவார் என்றாய். இப்போது எல்லாரும் சொல்கிற மேஸ்திரியின் கோபம் அப்படித்தான் வந்தது. ஒற்றைக் கண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருப்பரங்குன்றத்தில் கூட்டுக் குடும்பம். இனிமேல் கட்டிலுக்குக் கீழே சிலிண்டர் தள்ள முடியாது. என்ன செய்தாய்? மேஸ்திரி செத்துப்போனார் என்று சொல்லிவிட்டாய். ஊருக்குப் போய்விட்டார், கண் மங்கிவிட்டது, கையில் வாதம் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாமே, அண்ணே. கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தப் பையன்கள் ஆளுயர சம்பங்கி மாலையோடு வந்துவிட்டார்கள், மெட்ராஸுக்குப் போய் மேஸ்திரிக்குப் போடச் சொல்லி. கையில் மருதாணியோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு வந்த மாலை. அம்மா, "யாருக்குடா இது?" என்று கேட்டபோது, "வண்டிக்குத்தாம்மா" என்று ஹாண்டில்பாரில் மாட்டினாய். மறுநாள் நான் தாலி கட்டிக்கொள்ளப் போகையில் அது வாடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் அரத்தைத் தொடவே இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பழைய வண்டிப் பிரியர்கள் ஒன்றுகூடி, கல்யாண மண்டபம் ஒன்றில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அன்றைக்கு நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நமக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. அப்பா இல்லை, அம்மா இல்லை, என் மாமியாரும் இல்லை. யாருக்காக இனி மறைக்க வேண்டும்? இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, "ராயபுரம் மேஸ்திரி இல்லைன்னா இந்த இருபத்தேழு இல்ல" என்று சொல்லி அழுதாய். பொய் அழுகை இல்லை. நிஜமாகவே கண்ணீர் வந்தது. இல்லாத ஒரு மனிதனுக்காக அழுதாய். இருந்தவள் கைதட்டினேன்.

வெளியே வந்து கேட்டபோது என்ன சொன்னாய்? "அம்புட்டுப் பேருக்கு முன்னாடி மாத்திச் சொல்ல முடியுமாடி? எம் மானம் என்னாகுறது?"

உன் மானம்.

ஒன்றை மட்டும் கோபத்திலும் ஒத்துக்கொள்கிறேன். நான் தேய்த்த எஞ்சினுக்கு உச்ச வேகத்தில் மட்டும்தான் உயிர். கொஞ்சம் பயந்து கையைத் தளர்த்தினாலும் படுத்துவிடும். அதை உச்சியிலேயே வைத்து ஓட்ட ஒருவனால்தான் முடிந்தது. அந்தத் தைரியம் உன்னுடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை. என் பங்கை நீ தரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூர்க்காரர் ஒரு விலை சொன்னார். மதினி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வீடு எப்படி ஒழுகுகிறது என்று உனக்குத் தெரியாதா? ஐப்பசி வந்தால் மதினியின் கட்டிலுக்கு மேலேயே சொட்டும். வீட்டிலேயே ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே உன் வண்டி நிற்கிறது. அதற்கு மேலே மட்டும் ஆள் வைத்துச் சிமெண்டு பூசினவன் நீ.

விலை சொன்னவர் ஒரு காகிதமும் கேட்டார். இந்த மாதிரி வண்டிக்கு வரலாறுதான் பாதி விலையாம். யார் ஓட்டினது, யார் எஞ்சின் செய்தது என்று வீட்டு ஆள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். "ராயபுரம் மேஸ்திரின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதுமுங்க" என்றார்.

நான் கைப்பையைத் திறந்து அந்தப் பழுப்புத் தாளை எடுத்து விரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் சேலைகளுக்கு அடியில் கிடந்த தாள். வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார் என்றதும் பழைய அரத்தோடு எடுத்து வந்திருந்தேன். சுருட்டிச் சிலிண்டருக்குள் விட்டுக் காட்டினேன். துவாரங்களின் கீழ்விளிம்பு அச்சோடு பொருந்தியது. மேல்விளிம்பு நான் போட்ட கோட்டில் வந்து நின்றது. "மேஸ்திரின்னு யாரும் இல்லைங்க. நான்தான் செஞ்சேன்" என்றேன். மெக்கானிக் என் விரல்களைப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார், அது தெரிந்தது.

கோயம்புத்தூர்க்காரர் தாளை இரண்டு தடவை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அம்மா, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க. ஆனா இதை வெளிய சொல்லாதீங்க. இந்தத் தாளையும் சேத்துக் குடுத்துருங்க, மேஸ்திரி கையெழுத்துன்னு வெச்சுக்கறேன். இன்னுங்கொஞ்சம் போட்டே தர்றேனுங்க" என்றார்.

அப்போது நீ உயிரோடு வந்து நின்ற மாதிரி இருந்தது. அதே குரல், அதே தன்மை. உண்மை தெரிந்த பிறகும் பொய்யே லாபம்.

மதினியைப் பார்த்தேன். பணம் அவளுக்குத்தான் வேண்டும். நான் கோபத்தில் எழுதிவிட்டுத் திருப்பரங்குன்றத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன், நனைவது அவள். "நீங்களே சொல்லுங்க மதினி, எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன்.

மதினி கூரையைப் பார்த்தாள். "நெசத்த எழுது தாயி. ஒழுகுனா வாளி வச்சுக்கிறேன்" என்றாள். பிறகு, "எனக்கே இன்னைக்குத்தேன் தெரியுது. இம்புட்டு வருசம் எங்கிட்டயுமா மறைச்சாரு அந்த மனுசன்?" என்றாள். அண்ணே, மதினியும் இப்போது உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள்.

எழுதினேன். நாலு வரி. ஓட்டியது என் அண்ணன், எஞ்சினைச் செய்தது நான், மூன்று புள்ளி என்னுடையது, ராயபுரத்தில் யாரும் இல்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் வாசித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று கடிதத்தை மேசையிலேயே வைத்தார். மெக்கானிக் சிலிண்டரைத் திரும்ப மாட்டியதும் இருவரும் போனார்கள். திரும்பி வருவாரா என்று தெரியாது. வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தோடுதான் வண்டி போகும். அரமும் தாளும் என் கைப்பையில் இருக்கின்றன. அவை விற்பனைக்கு இல்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல மதினியின் கட்டில் மேல் சொட்டத் தொடங்கியது. அவள் வாளி எடுக்கப் போனாள். "வாளி எதுக்கு மதினி? இந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். இரண்டு பேருமாக உன் வண்டியைத் தள்ளி அந்தச் சொட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, கட்டிலை உன் மூலைக்கு இழுத்துப் போட்டோம். மதினி அதில் காலை நீட்டிப் படுத்தாள். உன் இருபத்தேழின் மேல் தண்ணீர் சொட்டியது. சந்தன வட்டத்தின் மேலும் சொட்டியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அடுப்படியில் கிடந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து வந்து, எஞ்சினை மட்டும் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அது நான் செய்தது.