நூற்று எண்பத்தொன்றாம் நாள்

பிப்ரவரி 8, ஞாயிறு

வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இன்று என் தம்பி பாபு பிசியோதெரபிக்குப் போன நேரத்தில் அவன் பெட்டியைத் திறந்து துழாவினேன். எடுப்பதற்கு அல்ல. பார்க்கத்தான். காயின் காயின் என்கிறானே, ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று. பனியனுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமான் இருந்தது. காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தம் வரவில்லை.

குலுக்கும்போதே ஊன்றுகோலோடு வந்து வாசலில் நின்றுவிட்டான்.

"அக்கா, காசு அதுக்குள்ள இல்ல. அது வெறும் சாவி."

"அப்ப காசு எங்கடா?"

"எங்கயும் இல்ல. உலகத்துல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கு."

"எங்கயும் இல்ல, எல்லா இடத்துலயும் இருக்கு. பெருமாள் கோயில்லயும் இதைத்தான் சொல்றாங்க. அங்க புளியோதரையாவது தருவாங்க."

கேலி பண்ணிவிட்டு வந்தேனே தவிர, அடுப்படியில் நிற்கும்போது சில்லறை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். கனமில்லாத காசு! துரு பிடிக்காது, உண்டியலில் போட முடியாது. ஆனால் அதை விற்றுத் துபாயில் சரக்கு வைக்கக் கோடவுன் வாங்கலாமாம்.

பாபு துபாய் போனதே மூன்று வருஷம் முன்புதான். துபாயில் இருந்துகொண்டு இன்டர்நெட்டில் சட்டைப் பொத்தான் விற்கிறான். ஆர்டர் எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறது. சிலர் பணத்துக்குப் பதில் இந்தக் கம்ப்யூட்டர் காயினை அனுப்புவார்களாம். முழங்கால் ஆபரேஷனுக்காக நவம்பர் ஒன்றாம் தேதி இங்கே என் வீட்டுக்கு வந்தான். நாற்பத்து நாலு வயசு. பெண்டாட்டி இல்லை. நான்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

இன்று அமீர்பேட்டில் ஆடிட்டரைப் பார்க்கப் போனோம். கோச்சிங் சென்டர் பிள்ளைகளை இடித்துக்கொண்டு மூன்று மாடி. ஆடிட்டர் என்றால் வழுக்கை என்று நினைத்திருந்தேன். அஸ்வினி என்று ஒரு பெண், கொண்டையில் பேனா செருகிக்கொண்டு.

அவள் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

"ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு வருஷம் சார். அதுல இந்தியாவுல 182 நாள் இருந்துட்டா, நீங்க இங்க வசிக்கிறவர். அப்புறம் துபாய்க் கடை லாபம், டிசம்பர்ல வித்த காயின், எல்லாத்துக்கும் இங்க வரி. காயின் லாபத்துக்கு நூத்துக்கு முப்பது. அங்க வெச்சிருக்கிற எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் காட்டணும். விட்டுப்போச்சுன்னா அபராதம் தனி."

"நான் வெளிநாட்டுல இருக்கிறவன்தானேம்மா?" என்றான் பாபு.

"பத்துப் பன்னெண்டு வருஷம் வெளிய இருந்தவங்களுக்குச் சலுகை உண்டு. நீங்க போய் மூணே வருஷம்."

காயின் விற்ற பணம் முழுக்கக் கோடவுனுக்குப் போய்விட்டது. முப்பது கேட்டால் கோடவுனைத்தான் விற்க வேண்டும். கோடவுன் போனால் கடை போச்சு. பாபு முகம் சுண்டிவிட்டது.

வந்த நாளும் கணக்கில் ஒரு நாள், கிளம்புகிற நாளும் ஒரு நாளாம். ஜூன், ஜூலையில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்து இருந்த நாற்பதையும் சேர்த்து இன்றோடு 146. மார்ச் 21 கடைசி. இருபத்திரண்டாம் தேதி காலை இங்கே கண் விழித்தால் முடிந்தது.

"யார் சொல்றதும் எடுபடாது ஆன்ட்டி. பாஸ்போர்ட்ல விழுற முத்திரைதான் பேசும்" என்றாள்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. ஒருத்தன் எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிக்க நாங்கள் என்னென்ன கேட்போம்! யார் பிள்ளை, எந்தக் குலதெய்வம், காது எங்கே குத்தினார்கள். சர்க்காருக்கு ஒரு நம்பர் போதும். 181 வரை விருந்தாளி, 182 என்றால் வீட்டு மனுஷன். யார் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் இதை? கணக்கு பண்ணிப் பார்த்தால் பாதி வருஷம்தான் அது. பாதிக்கு மேல் எங்கே சாப்பிடுகிறாயோ அதுவே உன் ஊர். ஏழாங்கிளாஸ் படித்த எனக்கே அது நியாயமாகப் பட்டது.

மார்ச் 1, ஞாயிறு

161. பால் காலண்டரில் பாபுவுக்கு வாங்குகிற கூடுதல் பாக்கெட்டுக்குக் கோடு போடுகிற பழக்கம். இப்போது அந்தக் கோட்டைப் போடவே கை தயங்குகிறது. "தம்பியை நாள் வாடகைக்கு எடுத்த மாதிரி எண்றியே" என்கிறார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 9, திங்கள்

பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தான். நான்தான் கெடுத்தேன். "உகாதிக்கு இருந்துட்டுப் போடா, ஒரு வாரத்துல உன் துபாய் ஓடியா போயிடும்?" என்று நச்சரித்து வெள்ளிக்கிழமை இருபதாம் தேதிக்கு மாற்ற வைத்தேன். 180ஆவது நாள். அஸ்வினி போனில், "ஒருநாள்தான் மிச்சம் வெக்கிறீங்க ஆன்ட்டி" என்றாள்.

ஒருநாள் என்பது எவ்வளவு பெரிய சமாசாரம், ஐந்து வேளை காபி!

மார்ச் 16, திங்கள்

டிக்கெட் மாற்றிய பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். துபாய் மேற்கே. ஆபரேஷன் பண்ணின காலோடு சூலத்துக்கு எதிரேயா அனுப்புவது?

பாபுவிடம் சொன்னால் சிரிப்பான். அதனால் சொல்லவில்லை. இன்று ராகுகாலம் கழிந்ததும் அவன் பயணத்தைத் தொடங்கி வைத்துவிட்டேன். நல்ல நாளில் பையை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளே கிளம்பின மாதிரி. பரஸ்தானம் என்பார்கள். பின்தெரு கல்பகம் மாமி வீட்டுப் பூஜையறையில் வைத்தேன்.

"உள்ள என்னடி இருக்கு சகுந்தலா?"

"துண்டு, பிடி அரிசி, சூலத்துக்குப் பரிகாரமா ஒரு துண்டு வெல்லம் மாமி."

அவன் பாஸ்போர்ட்டும் உள்ளே இருந்ததைச் சொல்லவில்லை. முத்திரைதானே பேசும் என்றாள் அந்தப் பெண்? பேசுகிற சாமானே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் சாமிக்கும் திருப்தி, சர்க்காருக்கும் திருப்தி. என் மூளையை நினைத்து எனக்கே பிரமிப்பு.

மார்ச் 19, வியாழன்

உகாதி. பச்சடி கொஞ்சம் கசப்பு. பாபு மூன்று கிண்ணம் குடித்தான். 179.

மார்ச் 20, வெள்ளி – சாயங்காலம்

என்னத்தைச் சொல்ல.

மூன்றரை மணிக்கு ஃப்ளைட். பதினொன்றுக்குக் கார் வாசலில். பாபு பெட்டியைக் குடைகிறான், அலமாரியைக் குடைகிறான். "பாஸ்போர்ட் காணோம்!" நான் பெருமையாக, "அது திங்கட்கிழமையே கிளம்பிடுச்சு" என்றேன். பின்தெருவுக்கு ஓடினேன். மாமி வீட்டில் பூட்டு.

போன் போட்டால் மாமி ஊரின் மறுகோடியில், கொண்டாப்பூரில், மகள் ஹம்ஸினி வீட்டில். உகாதிக்குப் போனவர் சாவியையும் கொண்டுபோய்விட்டார். "நீ பாஸ்போர்ட்டுன்னு சொல்லவே இல்லையேடி!"

காரில் பாபு பெட்டியோடு காத்திருக்க, நெரிசலில் ஆட்டோதான் நுழையும் என்று தெருமுனை நூர் முகமது ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் நான் அழுகை. "டென்ஷன் நக்கோ அம்மா", கவலை வேண்டாம் என்று அவர் ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னார். பதினோரு சிக்னல். சாவியோடு திரும்பி, பூட்டைத் திறந்து, பையை எடுத்தபோது மணி மூன்று.

டிக்கெட் போச்சு. நாளைக் காலை பத்தே காலுக்கு ஒரே ஒரு சீட் கிடைத்தது. அதுவும் போனால் 182.

பாபு திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்து வைத்துவிட்டுக் கேட்டான்: "வேணும்னே வெச்சியா அக்கா?"

"சத்தியமா இல்லடா."

இல்லைதான். சூலத்துக்காகத்தான் வைத்தேன். ஆனால் மூன்று மணிக்குப் பையைக் கையில் எடுத்தபோது, இனிமேல் இவன் போக முடியாதோ என்று ஒரு கண்ணிமைக்கிற நேரம் – சந்தோஷப்பட்டேனா? பட்டேன். இங்கே மட்டும் எழுதுகிறேன். அவன் கோடவுன், அவன் பொத்தான், மூன்று வருஷ உழைப்பு, எல்லாம் முழுகட்டும் என்றா நினைத்தேன்? சீ. என்ன பிறவி நான்!

மார்ச் 21, சனி

ஆறு மணிக்கே ஏர்போர்ட். நம்பிக்கை இல்லாமல் வழியெல்லாம் பாஸ்போர்ட்டை என் மடியிலேயே வைத்திருந்தேன். இறங்கும்போது பையிலிருந்த வெல்லத்தையும் எடுத்து, காகிதம் கிழிந்திருந்தது, பரவாயில்லை என்று பாஸ்போர்ட்டோடு சேர்த்து அவன் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"இன்னைக்குச் சனிக்கிழமை அக்கா. சூலம் கிழக்கே."

"இருக்கட்டும்டா. நேத்துப் பாக்கி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். உள்ளே யாரோ ஒருவர் முத்திரையை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஒரு தட்டில் கோடவுன் நிற்கும், கடை நிற்கும், என் தம்பி இந்த வருஷத்துக்கு வெளியூர்க்காரன் ஆவான். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரம்கூட ஆகாது அதற்கு. கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றேன். காவலர் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஒன்பதே முக்காலுக்கு மெசேஜ்: "முத்திரை விழுந்தது. உள்ளே உட்கார்ந்துட்டேன்."

181.

மார்ச் 23, திங்கள்

பால்காரரிடம் ஒரு பாக்கெட் குறைக்கச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

இன்றிலிருந்து எண்ணிக்கை பூஜ்யமாம். அந்த நூற்று எண்பத்தொன்றும் நேற்றோடு அழிந்துவிட்டது. சித்ரகுப்தன்கூட இப்படி வருஷாவருஷம் பழையதை அழிக்க மாட்டான்! ஆடியில் ஒரு மாசம் வருகிறேன் என்கிறான் பாபு. முப்பது நாள் பெரிய விஷயமில்லை என்று அஸ்வினியும் சொல்லிவிட்டாள்.

பால் இன்னும் குறைக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

கிளம்பின தேதிக்கு அத்தாட்சி வேண்டும், முத்திரைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று அஸ்வினி கேட்டிருந்தாள். பாபு பாஸ்போர்ட்டைத் திறந்திருக்கிறான். அந்தப் பக்கமும் அடுத்த பக்கமும் வெல்லத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தான். தேதி தெளிவாகத் தெரிகிறது. மாதத்தின் மேல் ஓர் எறும்பு இருக்கிறது. எடுத்தால் மையும் சேர்ந்து வருகிறது என்று அப்படியே அனுப்பினான். எறும்போடு ஃபைலில் வைத்துக்கொண்டதாக அஸ்வினி சொன்னாள்.