ஜீப்பை விற்கச் சொன்னாயே, அதைப் பற்றி

அன்புள்ள மகள் சுபத்ராவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் நலம், உன் அப்பாவும் நலம், வாசலில் நிற்கிற அந்த மூன்றாவது ஆளும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறார், அப்புறம் நீ பார்ப்பதெல்லாம் நட்டும் போல்ட்டும்தான். அதனால்தான் உனக்கு அனுப்புகிற தேயிலைத் தூள் பெட்டிக்குள் இதையும் வைக்கிறேன். போன வாரம் எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாய் அல்லவா, "அம்மா, அப்பாகிட்ட எப்படியாச்சும் பேசி அந்த ஜீப்ப வித்துருங்க, முதுகுவலிய வச்சிக்கிட்டு இந்த வயசுல இது அவருக்குத் தேவையா" என்று, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், டீ போட்டுக்கொண்டு உட்கார்.

நீ கேட்டதில் தப்பில்லை. உன்னைவிட அதிகமாகத் திட்டியவள் நான். ஆனால் நீ ஊரில் இல்லாத காலத்தில் இங்கே நடந்ததை முழுசாக உனக்கு யாரும் சொல்லவில்லை. தேயிலை லாரி ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு உன் அப்பா ஒரே சோபாவில், ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடும், அவர் பார்க்க மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது. நம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் வாசலில் சண்டை போட்டால்கூட எழுந்து போய் ஒரு அதட்டல் போடவில்லை, அவர் அதட்டாத அதட்டலா. இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் நீ அங்கே அழுவாய் என்று சொல்லாமல் விட்டேன். அப்படி இருந்தவர் ஒருநாள் முட்டைக்கோஸ் வாங்க கோலா தெர்லாவுக்குப் போனார், முட்டைக்கோஸ் வரவில்லை, அங்கே தோட்ட முதலாளியான சீனத் தவுக்கே ஒருவரின் கொட்டகையில் கிடக்கிற பழைய லேண்ட்ரோவரைப் பார்த்துவிட்டேன் என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். எனக்கு அன்றைக்குப் பயம்தான் வந்தது, மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

போய்ப் பார்த்தால் அதில் கதவும் இல்லை, பின்சீட்டும் இல்லை, சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை வண்டியை அசைக்கக் கூடாது என்று தவுக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அப்பாவும் விட்டாரா, தினம் மோட்டார் சைக்கிளில் போய்க் கோழியை விசாரித்துவிட்டு வந்தார். நீ பிறக்கும்போதுகூட ஆஸ்பத்திரிக்கு இத்தனை தடவை வரவில்லை. கடைசியில் கோழி குடும்பத்தோடு இறங்கிக்கொண்டது, தானா ராத்தாவில் வொர்க்ஷாப் வைத்திருக்கிற ரிதுவான் வந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து நம் வாசலில் விட்டான். உனக்கு ரிதுவானைத் தெரியாது, தங்கமான பிள்ளை, ஆனால் லீவு நாளில் கூட்டாளிகளோடு இந்த மாதிரி வண்டிகளைக் காட்டுக்குள் ஓட்டிப் போய்ச் சேற்றில் புதைத்து, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வெளியே எடுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. எடுக்கத்தானே போகிறீர்கள், எதற்குப் புதைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதுதான் ஆன்ட்டி கிக்கு" என்றான். உன் அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் அதைக் கழற்றி மாட்டினார்கள். அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்தில் துரு பிடித்து விரல் உள்ளே போயிற்று, அதை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் அடித்தார்கள். ஸ்பிரிங் பட்டையை மாற்றி வண்டியை மேலே தூக்கினார்கள், பல் பல்லாக இருக்கிற பெரிய டயர் போட்டார்கள், முன்பக்கம் தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்ள ஒரு வின்ச் மாட்டினார்கள், அதாவது கம்பிக் கயிறு சுற்றிய ஒரு உருளை, கயிற்றை மரத்தில் கட்டி மோட்டாரை முடுக்கினால் வண்டி மரத்தை நோக்கி நகரும். ஓரத்தில் புகைக்கூண்டு மாதிரி ஒரு குழாய், ஆற்றில் இறங்கினால் இன்ஜின் மூச்சு விடுவதற்காம். இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் என்னால் அதில் ஏற முடியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். உன் அப்பா என் மூட்டுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு படி அடித்துக் கொடுத்தார். நான் கோபத்தை விடவில்லை, ஏனென்றால் அந்த வாரம்தான் என் இட்லிச் சட்டியில் பேரிங்குகளை டீசலில் ஊறப் போட்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் இட்லியும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனாலும் பிரேக் குழாயில் காற்று எடுக்க ஓர் ஆள் மிதிக்க வேண்டுமாம், அதற்கு மட்டும் நான் வேண்டும். அடியில் படுத்துக்கொண்டு "அமுக்கு, அமுக்கு, புடிச்சிக்க, இப்ப விடு" என்று அதிகாரம் பண்ணுவார், நான் மேலே உட்கார்ந்து மிதிப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கிளட்ச் எது, கியர் எது என்று நானும் கேட்டு வைத்தேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். மலை மேலே, எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இருக்கிற முனீஸ்வரனுக்கு ஆடியில் படையல் போடுவோம் அல்லவா, மழையில் மண் சரிந்ததிலிருந்து எஸ்டேட் லாரி மேலே போவதில்லை. போன வருஷம் அண்டா, அரிசி எல்லாவற்றையும் தலையில் சுமந்து போய், காளியம்மா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். அதனால் இந்த வருஷம் மலை அடிவாரத்திலேயே படையலை முடித்துவிடலாம் என்று கோயில் தலைவர் சின்னையா கூட்டத்தில் சொன்னார். உன் அப்பா எழுந்து, "என்னத்துக்குக் கீழ? என் வண்டி ஏறும்லா" என்றார். சின்னையா, "அண்ணே, அது மொத வாசலத் தாண்டட்டும்" என்றார், கூட்டமே சிரித்தது. உன் அப்பாவுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, எரிகிற கற்பூரத் தட்டுக்கு முன்னால் நின்று, ஏறாவிட்டால் மறுநாளே வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார். நீ விற்கச் சொன்னது நான் வாய் திறக்காமலே நடந்துவிடும் போலிருந்தது, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டி போனால் அவர் மறுபடியும் அந்தச் சோபா மூலைக்குப் போய்விடுவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வண்டியைத் திட்டிக்கொண்டே அது ஏற வேண்டும் என்று முனீஸ்வரனுக்குச் சுருட்டு நேர்ந்துகொண்டேன்.

படையல் அன்று காலையில் வண்டியை அலங்காரம் பண்ணியது நானும் பக்கத்து வீட்டு மணியம்மாவும். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முன்பக்கக் கம்பிவலை தெரியாத அளவுக்குச் சாமந்தி மாலையை நாலு சுற்றுச் சுற்றி, வேப்பிலைத் தோரணம் செருகி, அதற்கு மேல் மஞ்சள் துணியும் போர்த்தினோம். உன் அப்பா, "பவளம், அங்க காத்துப் போவணும்" என்று முணுமுணுத்தார். சாமிக்குப் போகிற வண்டி மொட்டையாகப் போகக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டேன், அடங்கிவிட்டார். அண்டா, அரிசி, தண்ணீர் டிரம், அடுப்புக்குக் கேஸ் தோங், சேவல் எல்லாம் பின்னால் ஏறின. சேவலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சின்னையாவும் ஏறிக்கொண்டார், ஆமாம், அதே சின்னையாதான். மூட்டுவலிக்காரி என்று எனக்கு முன்சீட்டு. ஊரார் நடந்து வந்தார்கள், ரிதுவான் தன் வண்டியில் பின்னால் வந்தான். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக ஏறியது. ஆற்றில் இறங்கியது, பாறையில் ஏறியது, உன் அப்பா பாட்டு வேறு பாட ஆரம்பித்தார். மண் சரிந்த மேட்டுக்கு வந்ததும் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது, முன்னாலிருந்து குபுகுபு என்று ஆவி கிளம்பியது, இன்ஜினை நிறுத்தியதும் வண்டி பின்னால் வழுக்கி ஒரு சக்கரம் காவாயில் இறங்கிவிட்டது.

ரிதுவான் ஓடி வந்து பார்த்துவிட்டு மஞ்சள் துணியை உருவினான், மாலையை அறுத்தான், உள்ளே சாமந்தியும் வேப்பிலையும் ரேடியேட்டரோடு வெந்து ரசம் மாதிரி மணந்தது. "ஆன்ட்டி, மாலைய அதோட கழுத்துல போடாம மூக்குல போட்டுட்டீங்க" என்றான். மணியம்மா கூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாள், எனக்கு ஒளிய இடமில்லை. சின்னையா சேவலைக் கட்டிப் பிடித்தபடி இறங்கி, "சரி விடுங்கண்ணே, இங்கயே படையலப் போட்ருவோம்" என்றார். உன் அப்பா வண்டியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக "சரி" என்றார். சுபத்ரா, அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் "சரி"யை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எங்கிருந்து அப்படிக் குரல் வந்தது என்று தெரியாது, "என்ன சரி? கயிறு எதுக்கு வாங்கி மாட்னீங்க, துணி காயப் போடவா? மரத்துல கட்டுங்க!" என்று கத்தினேன்.

இன்ஜின் ஆறியதும் சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள். மேலே ஒரு பெரிய மரத்தில் அகலமான நாடாப் பட்டையைச் சுற்றி அதில் கயிற்றைக் கட்டினார்கள், அறுந்தால் தெறிக்கக் கூடாது என்று கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஊராரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். வின்ச்சுக்குப் பக்கத்தில் உன் அப்பா நிற்க வேண்டும், பின்சக்கரத்துக்குப் பலகை வைக்க ரிதுவான் வேண்டும். ஸ்டீரிங்கை யார் பிடிப்பது? சின்னையாவுக்குக் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோ கார்தான் ஓட்டத் தெரியும், தலையும் சுற்றுகிறதாம். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். "அமுக்கு" என்றால் அமுக்கினேன், "விடு" என்றால் விட்டேன், அதுதான் வாசலில் வைத்துப் பழகியிருக்கிறதே. கம்பி முறுகியது, வண்டி முனகியது, காவாயிலிருந்து சக்கரம் மேலே வந்தபோது பின்னாலிருந்து ஊரே கத்தியது. கயிற்றை அவிழ்த்த பிறகு உன் அப்பா என்னை இறங்கச் சொல்லவில்லை. முன்னால் நடந்துகொண்டே கையைக் காட்டினார், லோ கியரில் நான் பின்னாலேயே போனேன். ஓர் இடத்தில் இடது பக்கம் காட்டினார், நான் அந்த மலையில் எத்தனை வருஷம் கொழுந்து பறித்தவள், அந்தப் பக்கம் எப்போதும் ஊற்றுக் கசிந்து மண் இளகிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா, வலது பக்கம் திருப்பினேன். "ஏய் பவளம், எங்க போற!" என்று குதித்தார். நான் போய்க்கொண்டே இருந்தேன்.

கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உன் அப்பா மூச்சு வாங்க ஏறி வந்து, பானெட்டில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. நான் அழுதுவிட்டேன், கேட்டவர்களிடம் கற்பூரப் புகை என்று சொன்னேன். படையல் நல்லபடியாக முடிந்தது, முனீஸ்வரனுக்குச் சுருட்டும் வைத்தேன், சின்னையா முதல் விபூதியை வண்டிக்குப் பூசிவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவுச் சோற்றைக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடாதே. தூள் பெட்டிக்கு அடியில் கருவாடு இருக்கிறது, கஸ்டம்ஸில் பிடித்தால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு. ஆடி முடிந்து ஒரு நல்ல நாளில் லைசென்சுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன், எனக்கு ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருப்பதால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்கிறான் ரிதுவான். நீ டிசம்பரில் வரும்போது எனக்கு உயரமான குஷன் ஒன்று மறக்காமல் வாங்கி வா, கிளட்ச் எட்டுகிற மாதிரி உட்கார்ந்தால் ரோடு தெரியவில்லை. முனீஸ்வரன் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஜீப்பை விற்கச் சொல்லி அப்பாவிடம் பேசச் சொன்னாயே, அவர் ஒருவேளை சம்மதித்தாலும் சம்மதிப்பார், அவர் இளகின மனசுக்காரர். சாவி என்னிடம் இருக்கிறது, நான் தர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
டிரைவர் பவளம்