சந்தனம் வைத்த புத்தகங்கள்

அண்ணே,

ரெங்கம் பக்கத்தில் நம் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்டார்களே, அந்த வருஷம். கோயில் கூரைக்குத் தகரம் போட்டதும், என் பசு கால்வாயில் விழுந்து செத்ததும் அதே வருஷம்தான். ஆண்டுக் கணக்கு எனக்கு வராது. இப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்வேன். அந்த வருஷத்துச் சரஸ்வதி பூஜையை நேற்று ஒரு வாசனை கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. அதனால்தான் இந்த மடல். நான் சொல்ல, வேறொருவர் எழுதுகிறார்.

குளுவாங் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக வந்து பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். என் மகள் தேவி தன் பிள்ளையைத் தவறாமல் கூட்டிப் போவாள். நேற்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "சும்மா வந்து ஒக்காருங்கப்பா, ஏர்கான் இருக்கு." பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பேத்தி ஒரு படப் புத்தகத்தை என் மடியில் விரித்தாள். அட்டைக்கு மேல் போட்டிருந்த கண்ணாடித் தாளின் வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் வேனின் வாசனை, அண்ணே. புத்தகம் மடியிலிருந்து நழுவி என் காலில் பட்டது. சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்திலிருந்த சீனப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்பான சிரிப்புதான். எனக்குத்தான் முகம் எரிந்தது.

உங்கள் நூலக வேன் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை நம் லயத்து வீடுகளுக்கு முன்னால் திடலில் வந்து நிற்கும். பெயருக்குத்தான் நீங்கள் டிரைவர். முத்திரை குத்துவதும் நீங்கள், பின்கதவைத் திறந்து பாய் விரித்துக் கதை சொல்வதும் நீங்கள். மலாய்ப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்வீர்கள். பிள்ளைகள் மட்டுமா வந்தார்கள்? இடுப்புக் குழந்தையோடு பெண்கள் வருவார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் கைலியோடு ஓரமாக நிற்பார்கள். "அந்த மொதலைக்கு என்னாச்சுன்னு கேட்டுட்டு வந்துர்றேன்" என்று என் மனைவி உலையை விட்டுவிட்டு ஓடிவந்து, ஒருநாள் சோறு அடிப்பிடித்துப் போயிற்று. நான் உங்களைத் திட்டினேன். "மொதல கடிச்ச சோறுய்யா, ருசியா இருக்கும், சாப்புடு" என்றீர்கள்.

நான் எழுத்துத் தெரியாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். தேவியை நூலகத்தில் சேர்க்க அப்பன் கையெழுத்து வேண்டும் என்றபோது, "கருப்பையா, இந்தப் பெட்டியக் கொஞ்சம் புடி" என்று வேனுக்குள் கூப்பிட்டு, யார் கண்ணிலும் படாமல் மைப்பெட்டியை என் பெருவிரலுக்கு நீட்டினீர்கள். கோயில் தலைவனான நான் கைநாட்டு என்று வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தீர்கள். தேவி படிக்கச் சொல்லி வந்தால் கண் வலிக்கிறது என்பேன். எட்டு வயதுப் பிள்ளை நம்பிவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் நீங்கள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னீர்கள்: "அடுத்த தடவ ஆபீஸ்லேருந்து பெரியவர் கூட வர்றாரு. புத்தகமெல்லாம் திரும்பி வருதா, பிள்ளைங்க எடுக்குதான்னு பாக்கப் போறாரு. சரியில்லன்னா நம்ம தோட்டத்துக்கு வண்டி வராது. பாத்துக்க லா."

நான் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. வண்டி நின்றுவிடக் கூடாது என்று சரஸ்வதியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? வீடு வீடாகப் போய் வேன் புத்தகங்களையெல்லாம் வாங்கிக் கோயிலில் அடுக்கினேன். பக்கத்தில் என் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியை வைத்தேன். ஒவ்வோர் அட்டையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். கடைக்காரர்கள் கணக்குப் புத்தகத்துக்குச் செய்வதைப் பார்த்திருந்தேன் அல்லவா, அதுபோல முதல் பக்கத்தைத் திறந்து அங்கேயும் வைத்தேன். எழுத்துக்கு மேலேயே வைத்தேன். எனக்கு எழுத்தும் படமும் ஒன்றுதானே. பிறகு பட்டுத் துணி போட்டு மூடினேன். மறுநாள் பகல் பூஜை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. அதுதான் முறை.

காலையில் வேன் வந்தது. பிள்ளைகள் வெறுங்கையோடு வரிசையில் நின்றார்கள்.

"புத்தகம் எங்க, கருப்பையா?"

"சாமிகிட்ட இருக்குண்ணே. பகல் பூஜைக்கு அப்புறம் எடுக்கலாம்."

"அலமாக்! அவரு அடுத்த தோட்டத்துக்குப் போகணும்யா. இப்பவே எடுத்துக் குடு. சரஸ்வதி ஒன்னும் கோவிச்சுக்க மாட்டா."

"சாமி விஷயத்துல நீங்க தலையிடாதீங்க. வண்டி ஓட்டுறவரு வண்டிய மட்டும் பாருங்க."

ஊரே பார்க்க அப்படிச் சொன்னேன்.

வந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர். கோயில் என்றதும் குரலை உயர்த்தாமல் மர நிழலில் காத்திருந்தார். பகலில் துணியை எடுத்தபோது, கண்ணாடித் தாள் போட்ட அட்டைகள் மட்டும் தப்பியிருந்தன. உள்ளே குங்குமம் ஊறி, முதல் பக்கத்திலிருந்து நாலைந்து பக்கம் இறங்கியிருந்தது. வேனுக்கு எடுத்து வந்தபோது அவர் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, ஐயா என்பதுபோல 'என்சிக்' என்று மரியாதை வைத்து மலாயில் கேட்டார்: "இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறீர்களே, இது என்ன கதை? பெயரையாவது படியுங்கள், என்சிக்."

தேவி என் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதைச் செய்தது நான், இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் போதும். எனக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் வாயைத் திறந்தால் பெயரைப் படிக்க வேண்டும். தரையைப் பார்த்தேன்.

நீங்கள் நடுவில் வந்து அந்தப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். "நான்தான் பூஜையில் வைக்கச் சொன்னேன், என்சிக். தவறு என்னுடையது." அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் ஏறிவிட்டார்.

வேன் அப்புறம் வரவில்லை. உங்களையும் வண்டியிலிருந்து இறக்கி டவுன் நூலகத்து ஸ்டோரில் பெட்டி தூக்க வைத்தார்கள். ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள். "மகள டவுனுக்குக் கூட்டிட்டு வா. அங்க பிள்ளைங்களுக்குன்னு தனி எடம் இருக்கு. நானும் அங்கதான் இருப்பேன்." தலையாட்டினேன். கூட்டிப் போகவில்லை. அங்கே மேசை இருக்கும், மேசையில் பேனா இருக்கும். தேவி சில சனிக்கிழமைகள் திடலில் போய் நின்றாள். பிறகு நிற்பதை விட்டாள். வளர்ந்து, பத்து பகாட் ஊரில் துணி ஃபேக்டரிக்குத் தையல் வேலைக்குப் போனாள்.

நேற்று பேத்தி, "தாத்தா, படிங்க" என்றாள்.

"தாத்தாவுக்குக் கண்ணு வலிக்குதும்மா."

தேவி என்னைப் பார்த்தாள். "விடுங்கப்பா. எனக்கு அன்னிக்கே தெரியும். வேன் முன்னால நீங்க நின்னப்ப அந்தப் பேர நான் மெதுவா சொல்லிக் குடுத்தேன். உங்களுக்குக் கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள். எந்தப் பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று நான் வாயை மூடினேனோ, எதை மறைக்க நீங்கள் உங்கள் வண்டியைக் கொடுத்தீர்களோ, அது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரையும் நேற்றுச் சொன்னாள்: ஆமை வீட்டில் மழை. அட்டையில் ஓர் ஆமை இருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதன் முதுகில்தான் சந்தனம் வைத்தேன். ராத்திரி முழுவதும் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். இனி அது என்னோடு இருக்கும்.

விடிந்ததும் பஸ் ஏறி ரெங்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் சாவுக்கு வந்தபோது வாசலோடு திரும்பிப் போனவன், இன்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற கை நடுவில் ஒருமுறை நின்றது. "இடுப்பு வலின்னு அவரே ஸ்டோர் வேலைய கேட்டு வாங்கிக்கிட்டதா என்கிட்ட சொன்னாரு. அத்தன வருஷமும் நான் தைலம் தேச்சு விட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மேல சொல்லுங்க தம்பி" என்றார்.

அந்த அதிகாரி இறந்துவிட்டாராம். கோயிலில் பூஜை செய்த பண்டாரம் இல்லை. என் மனைவி இல்லை. நீங்களும் இல்லை. அன்று நான் பேசாமல் நின்றதற்கு விலை கொடுத்த பெரியவர்களில் உயிரோடு இருப்பவர் இப்போது ஒருவர்தான், இதை எழுதிக்கொண்டிருக்கும் மங்களம் அண்ணி.