பூனாச் சேவலும் பன்னிரண்டாவது வீடும்

பெருநகர் ரோடு, உத்திரமேரூர் வழி
18-2-1962

ஏசாயா, நம் தெருக் கோழிகளையெல்லாம் கொன்றது நீ வேலை பார்க்கிற பூனாக் கோழிப்பண்ணையிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த வெள்ளைச் சேவல்தான். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி சுகம் கேட்கிறேன். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, நெஞ்சில் சளி கட்டுவது நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே நானும் உன் நைனாவும் கர்த்தர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன மாதம் போட்ட இரண்டு கார்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கார்டில் எல்லாவற்றையும் எழுத முடியாது, நம் தபால்காரர் தெருமுனையிலேயே நின்று படித்துவிட்டுத்தான் பையில் போடுவார், அதனால் இந்தத் தடவை கவர் வாங்கி எழுதுகிறேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், முழுக்கப் படி. கிறிஸ்துமஸுக்கு நீ வருவதற்கு முன்னால் நான் கோழிக்கூட்டைப் புதிதாக்கி வைத்திருந்ததை நீ பார்த்தாய். பின்சுவரை ஒட்டி மண்ணை மிதித்து இரண்டு முழத்துக்கு எழுப்பி, பனஞ்சட்டம் போட்டு ஓலை வேய்ந்து, கீரிப்பிள்ளை நுழையாதபடி உன் நைனா உடைந்த வண்டிப் பலகையைச் செதுக்கிக் கதவு வைத்தார். வாரம் தவறாமல் எச்சத்தைச் சுரண்டி, சாம்பல் தூவி, பேன் பிடிக்காமல் வேப்பந்தழை பரப்பி வைப்பேன். பதினேழு உருப்படி அதில் அடைந்தன. ஐந்து பெட்டைகள் நம்முடையவை இல்லை, தெருவில் மற்றவர்கள் வாரத்துக்கு விட்டவை, கோழி அவர்களுடையது, அடை வைத்து வளர்ப்பது என் வேலை, பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. ராணியம்மாள் கை வைத்தால் முட்டை கூமுட்டையாகாது என்று நம்பி விட்டார்கள். அந்தக் கூட்டில்தான் உன் சேவலை விட்டேன். நீ பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யம்மா, அந்தச் சேவல பத்து பாஞ்சி நாளு கொடாப்புல தனியா கவுத்து வையி" என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "புது எடமில்ல, சண்டை போடும்" என்றாய். நான் மூன்று நாள் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். அது சண்டை போடுகிற சேவலாகவே தெரியவில்லை, தலையைத் தொங்கவிட்டு நின்றது, ஊர்விட்டு ஊர் வந்த ஏக்கம் என்று நினைத்து நாலாம் நாள் மற்றவற்றோடு கூட்டில் சேர்த்துவிட்டேன். சண்டை என்று சொன்ன வாயால் நோவு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பதினைந்து நாள் அல்ல, ஒரு மாதம் கவிழ்த்து வைத்திருப்பேன்.

எட்டாம் நாள் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அதோடு சேர்ந்து நம் பெட்டைகளில் இரண்டும் சோர்ந்து உட்கார்ந்தன. உன் நைனா பார்த்துவிட்டு, "சாவுறதுக்கு முன்ன அறுத்துடலாம் ராணி. பூனாக் கோழி, பூனாக் கோழின்னு ஜனங்க வாய் ஊறிக்கினு கீதுங்க, பொங்கலும் வந்துடுச்சி, உம் புள்ள பேரச் சொல்லி எல்லாருக்கும் ஒரு கூறு குடுப்போம்" என்றார். நோவுக் கோழி என்று யாருக்கும் சொல்லவில்லை. நம் தெருவில் சோர்ந்த கோழியை எவன் சாகவிட்டான், எல்லாரும் செய்கிறதுதான், ஆனால் எல்லாரும் தங்கள் சட்டியில் போட்டுக்கொள்வார்கள், நாங்கள் பெருமைக்காக ஊருக்குப் பங்கு வைத்தோம். மூன்றையும் அறுத்துப் பதினோரு கூறு போட்டேன். பூவரச இலையில் வைத்துப் பச்சைக் கறியாகவே பக்கத்து வீட்டு அம்முலு கையில் கொடுத்தனுப்பினேன். தெருவில் நம்மைத் தவிர்த்துப் பன்னிரண்டு வீடு. விட்டுப்போன வீடு கடைசி வீட்டுச் செங்கேணியுடையது, கிணறு வெட்டப் போய் மண் சரிந்து செத்தானே, அவன் பெண்சாதி. கறி போதாமல் விட்டேன் என்று ஜெபத்தில்கூடச் சொல்லிப் பார்த்தேன். அது பொய். தனிப்பெண், ஏன் எனக்கு வரவில்லை என்று அவளுக்காக வந்து கேட்க ஆள் இல்லை, அதனால் விட்டேன்.

ஒரு வாரத்தில் தொடங்கியது. காலையில் கதவுப் பலகையை எடுத்தால் இரண்டு விறைத்துக் கிடக்கும், மூன்றாவது கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றும். நம் கூட்டில் தொடங்கி அம்முலு வீடு, எதிர்வீடு, அப்படியே பதினோரு வீடும். அடையில் இருந்த பெட்டை முட்டை மேலேயே செத்துக் கிடந்தது, தூக்கினால் முட்டை இன்னும் சூடாக இருந்தது. ஊர்த்தெருவில் கோழிகளுக்கு ஊசி போட ஒரு கம்பவுண்டர் வந்தார் என்று கேட்டு நாங்கள் ஓடினோம். நம் தெருவுக்குள் சைக்கிளை விட மாட்டாராம், கோழிகளைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு வாருங்கள் என்றார், வெயிலில் உட்கார வைத்துவிட்டு ஊர்த்தெருவை முடித்து வந்து, மருந்து தீர்ந்துவிட்டது என்றார். உன் நைனா, "எங்க கோழி முட்டைய துன்றதுக்கு மட்டும் தீட்டு கெடையாதா சார்" என்று கேட்டுவிட்டார். அதற்கு அவர் பேசினதை நான் எழுத மாட்டேன்.

முட்டை வாங்க வரும் சனாவுல்லா பாய்தான் எனக்குக் கண்ணைத் திறந்தார். பழையபடி கூடையோடு வந்து நின்றார், கொடுக்க ஒரு முட்டை இல்லை. வெளியாள் கோழி எதுவும் வந்ததா என்று கேட்டார், சொன்னேன். அறுத்தீர்களா, பச்சையாகக் கொடுத்தீர்களா, கழுவின தண்ணீரை எங்கே கொட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே கொட்டுவார்கள், கொல்லையில்தான், கோழிகள் ஓடிவந்து அதைத்தான் கொத்தின, குடலுக்கு அடித்துக்கொண்டன. "பேஜாராப் போச்சேம்மா, நோவ இலையில மடிச்சி நீங்களே வூட்டு வூட்டுக்கு அனுப்பிக்கீறீங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் நீ வந்த இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "பண்ணையில ஒரு ஷெட்டு பூராவும் காலியா கீதும்மா" என்றாய். விற்றுப்போய்விட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். நீ சேவலைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாய், பண்ணைத் துரை வீட்டுச் சுத்தம் கற்றுக்கொண்டான் என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வீட்டுக் கோழியும் செத்தன, செங்கேணியின் நாலு கோழி மட்டும் சாகவில்லை. கறி போகாத வீடு, கழுவின தண்ணீர் போகாத கொல்லை, அதனால் பிழைத்தன. ஆனால் தெருவில் பேசுவது வேறு. நீ சேவலைக் கூடையிலிருந்து எடுத்தபோது அவள் வந்து பார்த்து, "இன்னாடா ஏசாயா, தொர கணக்கா நிக்கிறான், இங்கிலீசுலதான் கூவுவானா" என்றாளே, எல்லாரும் சிரித்தோமே, அந்தப் பேச்சை இப்போது எடுத்துக்கொண்டார்கள். அம்முலு தெரு நடுவில் நின்று, "எல்லார் கோழியும் பூட்ச்சி, இவுளுது மட்டும் எப்டி நிக்கிது? புருசன முழுங்குனவ கண்ணு கோழிய வுடுமா?" என்று கத்தினாள். மறுநாள் செங்கேணியின் கூட்டைப் பிரித்து எறிந்தார்கள், நாலு கோழியையும் கழுத்தைத் திருகி எல்லைக்கு அப்பால் போட்டார்கள். தெரு நியாயம் பேசுகிற தாண்டவராயன், பங்குனி பிறப்பதற்குள் அவள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் கிணற்றில் அவள் குடம் இறங்கக் கூடாதாம். ஊர்க்கிணற்றில் நம் குடம் இறங்கக் கூடாது என்பவன் மேல் பல்லைக் கடிக்கிற ஜனங்கள்தான் இதைச் சொல்கிறார்கள் ஏசாயா, சொன்ன அன்றைக்கே கயிற்றையும் எடுத்து ஒளித்து வைத்தார்கள். நான் என் குடத்தில் இறைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நேற்று மட்டும், "பெரிம்மா, அன்னிக்கி எனக்கு ஒரு துண்டு குடுத்திருந்தா நானும் உங்களோட ஒண்ணா அழுதுக்கினு இருந்திருப்பேன்" என்றாள். முதல் தடவை நீ பூனா போனபோது துணி வைக்கக் கூடை முடைந்து கொடுத்தவள் அவள், அந்தக் கூடையில்தான் நீ சேவலைக் கொண்டுவந்தாய்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தாண்டவராயனிடம் போய் நோவு எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் சிரிக்கிறார். "ஊசி போட்டு வளக்குற பண்ணைம்மா அது, அங்கேர்ந்து நோவு வருமா? அந்தப் பொம்பளைக்குப் பரிஞ்சிக்கினு பெத்த புள்ள மேல பழி போடுறியே, நீ ஒரு தாயா?" என்கிறார். பூனாப் பண்ணை என்றால் இவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை, அந்த நம்பிக்கையை வளர்த்தவள் நான், நீ எழுதின ஒவ்வொரு காகிதத்தையும் தெருவுக்குப் படித்துக் காட்டினவள். உன் நைனா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, இன்னொரு தடவை வாயைத் திறந்தால் நம் கூரைக்கு நெருப்பு வைப்பார்கள் என்று மட்டும் சொன்னார். அவர் சொல்வது நடக்காது என்றும் சொல்ல முடியவில்லை. கூட்டைத் தோண்டி மண்ணை மாற்றிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை, பழக்கத்தில் பொழுது சாய்ந்ததும் போய்ப் பலகையைச் சாத்துகிறேன்.

என் சொல் எடுபடாது, உன் எழுத்து எடுபடும். பண்ணையில் நோவு இருந்தது, சேவல் நோவோடுதான் வந்தது, செங்கேணிக்கு இதில் ஒன்றும் இல்லை என்று தாண்டவராயன் பெயருக்கு நீ ஒரு காகிதம் போடு. சேவலைக் கேட்டு வாங்கினாயா, கொல்ல ஒதுக்கி வைத்ததிலிருந்து துரைக்குத் தெரியாமல் எடுத்தாயா, அது எனக்கு வேண்டாம். வேலை போய்விடும் என்று பயந்துதான் பதில் போடாமல் இருக்கிறாய் என்றால், வேலை போகட்டும், கூலிக்கு நாற்று நட்டுத்தான் உன்னை வளர்த்தேன், இன்னும் கை இருக்கிறது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றாவது எழுது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும். குளிரில் வெறுந்தலையோடு நிற்காதே. திரும்பி வரும்போது எதுவும் கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ராணியம்மாள்

மறந்துவிடாதே, பங்குனிக்கு இன்னும் இருபத்துநாலு நாள், தபாலுக்கு ஐந்து நாள் போகும். காகிதத்தை நான் தெரு நடுவில் நின்று படிப்பேன், நைனா தடுத்தாலும் படிப்பேன். இது மூன்றாவது தடவை கேட்கிறேன் ஏசாயா. பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, சேவலைத் தனியாக வை என்று சொன்னபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா? எழுது.