சொட்டுத் தண்ணீர் பிடிக்கிற பெட்டி

வண்ணார்பேட்டை
11.10.98

சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நீ கேட்ட அந்த வீடியோ கேமை நான்தான் விற்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூசைக்கு மறுநாள், பழைய சாமான் எடுக்கிற முத்துமாலையிடம் ஒரு ஸ்டவ்வோடும் இரண்டு ஓட்டை அண்டாவோடும் சேர்த்துப் போட்டுவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும். இங்கே நானும் உன் அக்கா சங்கரியும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரூரில் நீயும் அப்படியே இருக்க நெல்லையப்பர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் புரட்டாசி நடுவில் வந்தது. நீ ஏழாவது படிக்கும்போது சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து கொடுத்த உள்ளங்கை அகலப் பெட்டி, கூரையில் இருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு குட்டி ஆள் வாளியை ஏந்தி ஓடி ஓடிப் பிடிக்கிற விளையாட்டு, அது வீட்டில் இருக்கும், மார்கழியில் லீவுக்கு வருகிற சிநேகிதன் ஜெயராமிடம் கொடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அங்கே பழைய கேம்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள் என்று படித்தபோது, விற்கத்தான் கேட்கிறாய், பரவாயில்லை பையனுக்கும் வியாபாரம் தெரிகிறது என்று நினைத்தேன். அடுத்த வரியில்தான் நீ அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மா உனக்குப் போட்ட கடிதங்களில் மேல் மூலையில் ஒரு நம்பர் இருக்குமே, அது அன்றைக்கு அவள் அந்த விளையாட்டில் எடுத்த பாயிண்ட், கடைசியாக நானூற்றுப் பன்னிரண்டு வரை வந்து அப்புறம் நம்பர் போடுவதை நிறுத்திவிட்டாள் என்று. தபால் பெட்டியில் அந்தக் கடிதங்களைப் போட்டதெல்லாம் நான். நம்பரைப் பார்த்திருக்கிறேன். நான் கடைக் கடிதங்களுக்கு வரிசை எண் போடுவதைப் பார்த்து அவளும் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முந்நூற்று எண்பதில் இருந்து முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கினால் அது வரிசை எண் இல்லை என்று கடையில் யாராவது காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். வள்ளியூர்ச் சந்தையில் சைக்கிளில் பாத்திரம் கட்டி விற்ற காலத்தில் இருந்து ஆயுத பூசைக்கு மறுநாள் படுத்த சரக்கை ஒழிப்பேன், ஒரு வருஷம் யாரும் தொடாத பொருள் இன்னொரு வருஷம் இடத்தை அடைக்கக் கூடாது. கடையில் முடித்துவிட்டு வீட்டிலும் அப்படியே ஒரு சுற்று வருவேன். அன்றைக்கு அலமாரியில் இந்தப் பெட்டி இருந்தது. பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் வைக்கிற கையோடு இதற்கும் வைத்திருக்கிறாள், பையன் ஊரில் இல்லை, இனி யார் விளையாடப் போகிறார்கள் என்று தூக்கிப் போட்டேன். தான் கையாளுகிற பொருளுக்குத்தான் அவள் பொட்டு வைப்பாள் என்பது இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவனுக்கு உறைக்கவில்லை.

உன் கடிதத்தைச் சங்கரியிடம் படித்துக் காட்டினேன். அவள் தலை குனிந்துகொண்டே, மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்மா அத எடுத்து உக்காந்தா, நாலு மணிக்கு உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டாத்தான்பா கீழ வைப்பா என்றாள். ஏன் என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன். நீங்க கேக்கலியே என்றாள். விற்ற அன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். அலமாரியத் தொறந்து பாத்துட்டு மூடிட்டாப்பா, அவ்வளவுதான் என்றாள்.

காணாமல் போய்விட்டது என்று உனக்கு எழுதிவிடலாமா என்று யோசித்தது நிஜம். சங்கரிதான், உள்ளத எழுதிருங்க என்றாள். முத்துமாலையைப் பிடித்து விசாரித்தேன். அத அப்பவே நம்ம அகமது மீரான் கிட்ட குடுத்துட்டேனே அண்ணாச்சி, வாட்ச் ரிப்பேர் கடை, என்றான். நம் கடையில் இருந்து நாலு கடை தள்ளித்தான். போனால் கண்ணாடிக்குள்ளே இருக்கிறது. விலை கேட்டேன். அது விலைக்கு இல்ல அண்ணாச்சி என்றான் அகமது மீரான். விலைக்கு இல்லாதத எதுக்குவே கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீரு என்றேன். அவன் கையில் இருந்த வாட்சுக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தான். விலையை ஏற்றுவதற்குத்தான் இப்படி இழுக்கிறான் என்று எனக்குப் பட்டது, நானே எத்தனை பேரிடம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். சரி வே, வச்சுக்கிடும் என்று இறங்கி நடந்தேன், கூப்பிடுவான் என்று. கூப்பிடவில்லை. மூன்று நாள் போகாமல் இருந்தேன். இந்த வயதில் எனக்கு எதற்கு அது, உனக்கு வேண்டுமானால் அங்கேயே கிடைக்கிறதே, அம்மாவே இல்லாதபோது அவள் விளையாடினதை வாங்கி என்ன ஆகப்போகிறது என்றெல்லாம் மனதில் ஓடியது. ஆனால் அந்த மூன்று நாளும் யாராவது அந்தக் கடைப் படி ஏறினால் எனக்கு இங்கே கல்லாவில் உட்கார முடியவில்லை.

நாலாம் நாள் போனேன். என்ன விலை சொன்னாலும் தருகிறேன், எடும் என்றேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி, இது வித்துப்போன பொருள், மதினி அச்சாரம் தந்திருக்காக என்றான். எந்த மதினி என்று கேட்டேன். உங்க வீட்டு மதினிதான், மூணு வருசம் முந்தி கார்த்திகையில வாட்சுக்கு வார் போட வந்தாக, கண்ணாடிக்குள்ள இதப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாக, எடுத்துக் குடுத்தேன், திருப்பிப் பின்னால பாத்துட்டு, இது என்னோடதுதான் தம்பின்னாக. இருநூறுன்னு சொன்னேன், பேரம் பேசல, கையில இருந்த பத்து ரூவாயக் குடுத்து, அச்சாரமா வச்சுக்கோங்க, யாருக்கும் குடுத்துராதீங்க, அண்ணாச்சிட்டயும் சொல்லிராதீங்கன்னு சொல்லிட்டுப் போனாக. அதுக்கப்புறம் நாலஞ்சு தரம் வந்திருப்பாக, இங்கன நின்னுக்கிட்டே செத்த நேரம் விளையாடிட்டு, மீதிய அடுத்த மாசம் தாறேம்பாக. காலு முடியாமப் போனப்புறம் வரல. மதினி தவறினப்போ துட்டிக்கு வந்தன்னைக்கு உங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன், வாய் வரல. இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

இருநூறு ரூபாய். அந்தத் தீபாவளிக்குத்தான் அவளுக்கு நாலாயிரத்துக்குப் பட்டு எடுத்தேன், உனக்கும் தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், கேட்டுவிட்டுச் சிரித்தும் இருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காக உன் அம்மா நாலு கடை தள்ளி நின்றுகொண்டே விளையாடிவிட்டு வந்து எனக்குக் காபி போட்டிருக்கிறாள். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் ஏதாவது வேண்டும் என்றால் கொடு, எதற்கு என்று கேட்காதே. அப்பா உனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கவில்லை, இதையாவது எடுத்துக்கொள்.

கருவி நன்றாக ஓடுகிறது. புது பேட்டரி போட்டுக் கொடுத்திருக்கிறான். பின்மூடியின் திருகாணிக் குழியில் குங்குமம் அப்படியே இருக்கிறது, பொருளை ஒப்படைக்குமுன் அவன் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது, ஆயுத பூசைக்கும் விளக்கு மட்டும்தான் ஏற்றினேன், தராசில்கூடப் பொட்டு இல்லை, வீட்டில் உள்ள பொட்டு இது ஒன்றுதான். மத்தியானம் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு வந்து விளையாடிப் பார்க்கிறேன். மூன்று சொட்டு தவறினால் ஆட்டம் முடிந்துபோகிறது, எனக்கு ஒன்பதுக்கு மேல் வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்றால் எவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருந்திருப்பாள் என்று அப்போதுதான் தெரிகிறது.

ஜெயராமிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. தை மாதம் அம்மாவின் முதல் திதி வருகிறது, லீவு இல்லை என்று எழுதாதே, நீ நேரில் வந்து கையில் வாங்கிக்கொள். அவள் போட்ட கடிதங்களையும் எடுத்துவா, நம்பரை மட்டும் நான் ஒருதரம் பார்க்க வேண்டும். காது மூடித் தொப்பி போட்டுக்கொள், சங்கரிக்கு மாதம் ஒரு தரமாவது போன் பண்ணு. எந்தக் குறையும் வராமல் நீண்ட நாள் இருப்பாயாக.

என்ன விலைக்கு முடித்தேன் என்று கேட்பாய். மூன்று வருஷம் காத்திருந்ததற்கு மேலே போட்டுக் கொடுத்தேன், அகமது மீரான் வாங்க மாட்டேன் என்றுவிட்டான், மதினி பேசினதுதான் விலை என்றான். விலை இருநூறு. உன் அம்மா கொடுத்த அச்சாரம் பத்து ரூபாய் போக, நான் கொடுத்தது நூற்றுத் தொண்ணூறு.

இப்படிக்கு
உன் அப்பா
ஆ. திருஞானசம்பந்தம்