பின்சக்கரத்துக்குப் பிரேக் இல்லை

தென்காசி,
18-7-1958

அன்புள்ள யாக்கூபுக்கு,

ஏசுதாசன் எழுதுவது. இங்கே உன் வீட்டுக்காரி பாத்திமுத்துவும் மகள் ஜைனம்புவும் நலமாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்து நீ பதறக்கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் ஏறிவந்த பிக்கப் வண்டி இறக்கத்தில் நிற்காமல் போய் மண்மேட்டில் மோதி நின்றது. ஜைனம்புவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாத்திமுத்துவுக்குத் தோளில் வீக்கம். நானே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன், எலும்புக்கு ஒன்றுமில்லை. மழையில் ரோடு வழுக்கிவிட்டது என்று பாத்திமுத்து உனக்கு எழுதியிருப்பாள். ரோடு வழுக்கவில்லை. அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் பிரேக் கிடையாது. அதை அப்படி ஓடவிட்டவன் நான்தான்.

அது குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சியின் வண்டி. முப்பத்தைந்தாம் வருஷத்து ஷெவர்லே. ஆரியங்காவுப் பக்கம் எஸ்டேட் துரை ஒருவர் வைத்திருந்து, எஞ்சின் செத்து, பத்து வருஷம் கோழி அடைந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்து மிலிட்டரி ஏலம் விட்ட டிஸ்போசல் லாரி ஒன்றின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் அண்ணாச்சி எங்கிருந்தோ பிடித்து வந்து, இதில் மாட்டச் சொல்லித் தன் மச்சினன் வீரபாகுவிடம் கொடுத்தார். வீரபாகுவுக்கு ஸ்டீரிங் பிடிக்கத் தெரியும், அதோடு சரி. அவன் டிஃபரன்ஷியலில் பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டான். பூசணிக்காய் சுற்றி, மாலை போட்டு, முதல் கியரைப் போட்டால் வண்டி பின்னால் போகிறது. முன்னால் போக வேண்டுமென்றால் ரிவர்ஸ் போட வேண்டும். செங்கோட்டை ரோடு முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் குடும்பத்து வண்டியைத் தொடமாட்டேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அண்ணாச்சி வந்து, ஏலே ஏசுதாசா, இந்த ஜில்லாவுல உன்ன விட்டா இதுக்கு ஆளு யாருலே இருக்கா என்றார். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

வேலையைப் பற்றி வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நீ தொழில்காரன், உனக்குப் புரியும். முதலில் பல்சக்கரத்தைப் பக்கம் திருப்பி மாட்டினேன். எஞ்சினும் கியர்பாக்சும் அந்தச் சட்டத்தில் சரியாக உட்காரவே இல்லை. தாங்கிகளை அறுத்துப் புதிதாக அடித்தேன். நடு ஷாஃப்டை நாலு விரல் வெட்டிக் குறுக்கி ஒட்டினேன், இன்றுவரை ஒரு அதிர்வு இல்லை. துருப்பிடித்த தகட்டை ஒடுக்கு எடுத்து, தரைக்கு வாகைப் பலகை போட்டு, விளக்கு வளையங்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன், துரை ஓட்டியபோதுகூட அது அப்படி இருந்திருக்காது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். பழைய ஷெவர்லேக்குக் கம்பி இழுக்கும் பிரேக், புதிதாக வந்த லாரி ஆக்சிலுக்கு எண்ணெய் பிரேக். இரண்டும் சேராது. எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று வேண்டும், அது திருநெல்வேலியிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. அது வருகிறவரை முன்சக்கரத்துக்கு மட்டும் கம்பியைப் பூட்டி, ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி வந்து நின்றார். பிரேக் இல்லை என்று சொன்னேன். முன்னால இருக்குல்லா என்றார். ஆள் ஏற்றினால் நிற்காது என்றேன். சீசன் போனபிறகு வண்டிய வச்சு நாக்கு வழிக்கவாலே என்று கேட்டார். சாமான்தான் ஏத்துவேன், அருவியில சத்தியம் என்றார். நான் சாவியைக் கொடுத்தேன். பிடுங்கவில்லை யாக்கூப், நானே நீட்டினேன். அந்த எஞ்சின் ரோட்டில் எப்படி இழுக்கிறது என்று பார்க்க எனக்கே ஆசை.

மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு பக்கமும் பெஞ்சு அடித்துப் பதினெட்டுப் பேர். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஈரத் துண்டைப் பக்கக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இழைத்து இழைத்துப் போட்ட வாகைப் பலகையில் எண்ணெயும் அழுக்கும் அல்வா இலையுமாக மிதிபடுகிறது. பக்கத்தில் போனால் குமட்டுகிறது. ஆனால் வண்டியின் பின்கதவில் மெக்கானிக் ஏசுதாசன், தென்காசி என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எதைக் கேட்கப் போனேனோ அதைக் கேட்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதை இரண்டு பேரிடம் சொல்லியும் காட்டினேன். இப்போது நினைத்தால் என் மூஞ்சியில் நானே துப்ப வேண்டும்போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பாத்திமுத்து சொல்லித்தான் கேட்டேன். இறக்கத்தில் வீரபாகு மிதித்திருக்கிறான், மிதி தரைவரை போயிருக்கிறது. எதிரே ஒரு மாட்டுவண்டி. நல்லவேளை, இடது பக்கம் மண்மேடு. அவன் ஓட்டத் தெரிந்தவன் என்பதற்கு அந்த ஒரு நிமிஷம் சாட்சி, அதற்காக அவனைக் கும்பிடலாம். மேடு இல்லாத இடமாக இருந்தால் என்ன என்பதை நீயே நினைத்துக்கொள், எனக்கு எழுதக் கை வரவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாத்திமுத்து என்னிடம், அண்ணன் செஞ்ச வண்டிதானன்னு நம்பித்தான் ஏறுனோம், இல்லன்னா பஸ்ஸுலதான் போயிருப்போம் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ரோட்டைக் குறைசொன்னேன், மழையைக் குறைசொன்னேன்.

மறுநாள் அண்ணாச்சி வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் பதினெட்டுப் பேர். போய்க் கேட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலல்லா, ஊரே ஒன் வேலையத்தான் மெச்சுது என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக ரொம்பச் சுத்தமாக இருந்தார்.

போலீஸில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். சொன்னால் பிரேக் இல்லாத வண்டியை வெளியே விட்டது யார் என்று கேட்பார்கள். பதில் பின்கதவிலேயே இருக்கிறது. எனக்குப் பயம். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

புதன்கிழமை ஆயில் மாற்ற வண்டி ஷெட்டுக்கு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றி எடுத்துவிட்டு, மூடியை முன்போலவே போட்டுவிட்டேன். அது இல்லாமல் அந்த எஞ்சினில் தீப்பொறி பிறக்காது. டிஸ்போசல் சாமான், வேறொன்று இந்தப் பக்கம் கிடைக்காது. வண்டி இரண்டு நாளாக அங்கேயே நிற்கிறது. அவர்கள் தள்ளுகிறார்கள், நானும் கூடச் சேர்ந்து தள்ளுகிறேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுகிறேன், பிளக்கைத் துடைக்கிறேன், உதட்டைப் பிதுக்குகிறேன். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேவலமான வேலை செய்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் வீரபாகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணன் கை வச்சும் ஓடலன்னா இனி இது இரும்புக் கடைக்குத்தான் என்றான். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது, யாக்கூப். ரோட்டரை விரலால் தொட்டேன். அவன் அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் மாட்டிக் காட்டியிருப்பேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தபாலாபீசுக்கு வந்துவிட்டேன், அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இதோடு ரிஜிஸ்டர் தபாலில் வரும் சின்னப் பொட்டலத்தில் அந்த ரோட்டர் இருக்கிறது. பிரேக் சிலிண்டரின் அளவும் படமும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நீ வேலை பார்க்கும் டிப்போவில் கேட்டு, பம்பாய்ப் பழைய சாமான் கடைகளிலும் அந்த மாஸ்டர் சிலிண்டரைத் தேடிப் பார். கிடைத்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பு, பிரேக்கைப் பூட்டிவிட்டு எஞ்சினை எழுப்புகிறேன். என்னைத் திட்ட வேண்டியதையும் அதிலேயே எழுதி வை. பாத்திமுத்துவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ எழுதிவிடு.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சிலிண்டர் கிடைக்காதவரை நான் என்ன எழுதினாலும் ரோட்டரை மட்டும் திருப்பி அனுப்பாதே. ஊர் என்னைக் கேலி செய்கிறது என்று எழுதுவேன், ஷெட்டை மூடிவிட்டேன் என்று எழுதுவேன், தந்திகூட அடிப்பேன். நம்பாதே.

இப்படிக்கு,
ஏசுதாசன்