தவிட்டுக்குப் போன ஹரிணி

ஆவாரங்குடி, அரிமளம் வழி
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் காவ்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் அதேபோல் சுகமாக இருக்க நம் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் உன் அப்பா பாதியில் பிடுங்கிக்கொண்டு அங்கே வெயில் எப்படி என்று கேட்கிறார், அந்த ஊரில் வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கும். எனக்கோ ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை யாரும் குறுக்கே பேசாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலத்தெரு அருண்குமார் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் இதையும் ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டையும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டைப் பைக்குமேல் பை போட்டுக் கட்டியிருக்கிறேன், ஏர்போர்ட்டில் என் மானத்தை வாங்காமல் இருந்தால் சரி. கடலை இந்தத் தடவை நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, பாதியை மயில் தின்கிறது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், அதாவது நான் கையில் கொடுத்து அவர் விழுங்கும்வரை நின்று பார்க்கிறேன். உன் தம்பிக்கு பாலிடெக்னிக்கில் இன்னும் ஒரு அரியர் நிற்கிறது, அதை நீயே கேட்டுக்கொள், நான் வாயைத் திறந்தால் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறான்.

நான் எழுத உட்கார்ந்தது செல்வராணியையும் அவள் மகள் ஹரிணியையும் பற்றி. இருவரும் நன்றாக இருக்கிறார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. உன்னோடு ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் செல்வராணி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், கணக்கு வராது, கிழமை மனதில் நிற்காது, ஆனால் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்வாள், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டாள். புருஷன் லாரி விபத்தில் போனதிலிருந்து அவளும் பிள்ளையும் கொழுந்தன் அய்யப்பன் வீட்டில்தான் இருந்தார்கள். ஹரிணி என் அங்கன்வாடிக்குத்தான் வந்துகொண்டிருந்தாள், வாயாடி, முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் தள்ளிவிடுவாள். தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டது. அய்யப்பன் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைக்குக் கண்டம் இருக்கிறது, கோயிலில் வைத்துத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்கினால்தான் தீரும் என்றான். அதில் ஊரில் யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. நம் வீட்டிலேயே உன் சித்தப்பாவைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்கியதுதானே, பேரன் எடுத்த பிறகும் அவரைத் தவிட்டான் என்றுதானே கூப்பிடுகிறார்கள். சாமி முன்னால் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொள்வது, பொழுது சாய்வதற்குள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வது, இது எங்கள் பிள்ளை இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை என்று எமனுக்குக் கண்ணைக் கட்டுகிற சமாச்சாரம், அவ்வளவுதான். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அய்யப்பனும் அவன் மனைவியும் இவர்கள் இருவரையும் வெளியூர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பும்போது ஹரிணி இல்லை. கேட்டவர்களிடம், தவிட்டுக்குக் கொடுத்திருக்கோம், கண்டம் பெரிசாம், கொஞ்ச நாளைக்கு அவுங்ககிட்டயே இருக்கட்டும்னு ஜோசியர் சொல்லிட்டாரு என்றார்கள். நாங்களும் சாமி காரியம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம்.

செல்வராணி அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைக்கவில்லை. ஒரு நாள் காலையில் முறத்தை ஈரத்துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்து நின்றாள். பெரியம்மா, தவிடு அப்படியே இருக்கு, ஒரு பிடி கொறையல, பிள்ளைய எப்பக் கொண்டாருவாங்க என்று கேட்டாள். வாங்கியது யார் என்றேன். தெரியல, கார்ல வந்தவுங்க என்றாள். தவிட்டுக்கு வாங்குகிறவர்கள் பக்கத்து வீட்டில், அடுத்த தெருவில் இருக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள், முகம் தெரியாதவர் மடியில் யாரும் பிள்ளையைப் போடுவதில்லை. அவளை ஆயாவிடம் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு அங்கே குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்கு முன்பே சொல்லிச் சிரித்திருக்கிறேன், டீ வரும், கையெழுத்துப் போடுவோம், கலைவோம். சத்துமாவு என்றால் நான், தடுப்பூசி என்றால் நர்ஸ் பிரகதீஸ்வரி, பட்டா என்றால் வி.ஏ.ஓ. சந்தோஷ்குமார், பள்ளிக்கூடம் என்றால் ஹெச்.எம். அம்மா, ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கமாட்டோம், அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பிரகதீஸ்வரி, ஸ்கூல்ல சேக்கணும்னு அய்யப்பன் வீட்டம்மா தடுப்பூசி அட்டை காப்பி ஒண்ணு எங்கிட்ட வாங்கிட்டுப் போனாங்களே என்றாள். ஹெச்.எம். அம்மா, எங்ககிட்ட அட்மிஷனுக்கு யாரும் வரலையே என்றார். சந்தோஷ்குமார் ஊருக்குப் புதிது, அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்தவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செத்துப்போன அண்ணன் பங்கைத் தன் பேருக்கு மாத்தணும்னு அய்யப்பன் வந்தாரு, அண்ணிதான் இருக்கு, பிள்ளை கிள்ளை இல்லைன்னாரு, விசாரிப்போம்னு எடுத்து வச்சிருக்கேன் என்றார். ஆளுக்கொரு துண்டு கையில் இருந்திருக்கிறது, தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது, அதனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டோம்.

புதுக்கோட்டையிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. அம்மாவும் சாயங்காலமே வந்துவிட்டார்கள். எஸ்.ஐ. அம்மா சத்தமே போடவில்லை. அய்யப்பன் மனைவியோடு அடுப்படியில் போய் உட்கார்ந்து, அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தானும் உரித்துக்கொண்டே கேட்டார், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி, வெளி மாவட்டம், தாய்க்குச் சித்தம் சரியில்லை, மனசு ஒத்துத்தான் கொடுக்கிறாள் என்று சொல்லி அவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையும் இல்லை என்றாகிவிட்டால் செல்வராணியிடம் ஒரு கைநாட்டு வாங்கிக்கொண்டு ரோட்டோரத்து நிலத்தை முழுசாக எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கேஸ் ஆகியிருக்கிறது, அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அந்தத் தம்பதி மறுநாளே ஹரிணியை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டை ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பொம்பளையை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஹரிணிக்கு இரட்டைச் சடை, புதுப் பாவாடை, பிள்ளை சதை போட்டிருக்கிறாள், அந்த அம்மாவோ அழுது அழுது முகமே வீங்கிக் கிடக்கிறாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். செல்வராணி ஊரிலிருந்து முறத்தோடுதான் வந்திருந்தாள், பஸ்ஸில் ஒருவரையும் தொடவிடவில்லை. நேராகப் போய் அந்த அம்மாவை முந்தானையை விரிக்கச் சொல்லித் தவிட்டைக் கொட்டினாள். கொறையாமத் தந்துட்டேன், எம்பிள்ளைய வாங்கிக்கிறேன் என்றாள். அந்த அம்மா தவிட்டை மடியில் கட்டிக்கொண்டு, ஹரிணியின் கையை எடுத்து இவள் கையில் வைத்தாள். நான் அழுதேன், எஸ்.ஐ. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பவில்லை. குழந்தைகள் நலக் குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும், அதுவரை வரவேற்பு இல்லத்தில் இருக்கட்டும் என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் அதுதான் பயம், இந்தத் தாயால் வளர்க்க முடியாது என்று எழுதிவிட்டால் பிள்ளை பதினெட்டு வயது வரை ஹோமில்தான். விசாரணையன்று நாங்கள் எல்லோரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். குழுவில் தலைவி வயதானவர், நல்ல மாதிரி, செல்வராணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றார், இவளுக்குத் தெரியவில்லை. அவசரம் என்றால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவாய் என்றார், தெரியவில்லை. பிள்ளை எப்படித் தூங்குவாள் என்றார், எங்காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா என்றாள். தலைவி அதற்குச் சிரித்தார், ஆனால் பேனாவை எடுக்கவில்லை. பிரகதீஸ்வரி எழுந்து, வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கிறேன், வலிப்புக்கு மருந்து நானே கையில் கொடுக்கிறேன் என்றாள். சந்தோஷ்குமார், நிலம் தாய்க்கும் பிள்ளைக்கும் சேரவேண்டியது, யார் வந்து கேட்டாலும் பேர் மாறாதபடி மேலே எழுதியிருக்கிறேன் என்றார். ஹெச்.எம். அம்மா ஜூனில் அட்மிஷன் என்றார். மாற்றுத்திறனாளி ஆபீசிலிருந்து வந்தவர் மாதாந்திர உதவித்தொகைக்கு ஏற்பாடாகிவிட்டது என்றார். தலைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ரொம்ப சந்தோஷம், ஆனா நீங்க எல்லாரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீங்க, ஆறு மணிக்கு மேல காய்ச்சல் வந்தா யாரு, அய்யப்பன் ஆளுங்க வந்து கதவைத் தட்டுனா யாரு என்று கேட்டார்.

எந்தத் துறையிலும் அதற்கு ஆள் இல்லை. செல்வராணிக்குப் பேச்சு புரிந்ததோ இல்லையோ, இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்த ஹரிணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து, என் வீட்டில் இருப்பார்கள் அம்மா, என் வீட்டில் ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தலைவி அப்போதுதான் பேனாவை எடுத்து, பிள்ளையைத் தாயோடு என் வீட்டுக்கு அனுப்ப உத்தரவு எழுதினார், பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

துணைக்கு வந்த உன் அப்பா அப்போது வெளியே வேப்பமரத்தடியில் எஸ்.ஐ. அம்மாவின் டிரைவரோடு கடலை விலை பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னேன். திருமயம் வந்தபோது, ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா என்றார். கேட்டால் யோசிப்பீர்கள் என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் உன் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து ஓடாத ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார், கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்றும் போட்டார். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை, மத்தியானம் அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் வைத்தேன்.

ஆமாம் காவ்யா, உன் ரூமைத்தான் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கிற நேரத்தில் அங்கே எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் பீரோவைத் தொடவில்லை, பூட்டித்தான் இருக்கிறது. கோபம் வந்தால் என்னிடம் கோபித்துக்கொள், நான் தாங்கிக்கொள்வேன். ஹரிணிக்கு நம் வீடு பழகிவிட்டது, தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நடக்கிறாள், அப்பாவை மாத்திரை போட்டாச்சா என்று என் குரலிலேயே கேட்கிறாள். செல்வராணிக்குத்தான் பழகவில்லை. பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தான் கீழே படுக்கிறாள். கொண்டுவந்த துணிமூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை, ரூம் வாசலிலேயே வைத்திருக்கிறாள், உடுத்தியதைத் துவைத்து மறுபடி அதிலேயே கட்டிவைக்கிறாள். காவ்யா வந்தா நாங்க எங்கிட்டுப் போகணும் பெரியம்மா என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். எங்கேயும் போக வேண்டாம் என்று நான் சொன்னேன், அப்பா சொன்னார், பிரகதீஸ்வரியும் வந்து சொன்னாள். சரி என்று தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை. தவிட்டுக்குக் கொடுத்தால் சாயங்காலம் வந்துவிடும் என்றும் பெரியவர்கள்தானே அவளுக்குச் சொன்னார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஏ.சி.யிலேயே அடைந்து கிடக்காதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வைகாசியில் நீ வரும்போது நான் உன்னோடு கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், எனக்கும் உன்னிடம் பேச நிறைய இருக்கிறது. நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், உன் வயிறு நிறைந்து மனமும் நிறைந்து இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாதே, கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் பண்ணு. என்னைக் கேட்காதே, அப்பாவையும் கேட்காதே. போனைச் செல்வராணியிடம் கொடுக்கச் சொல்லி, மூட்டையை அவிழ்த்து உன் துணியை என் பீரோவில் அடுக்கு என்று நீ உன் வாயால் அவளிடம் சொல். சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா அமராவதி